கறவை மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசியைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மாடு, நான்கு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்காக எழுதியது இது. கேள்விகள் எல்லாம் பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போதும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வருபவைதான். அளவு சொல்லியிருக்கிற இடங்களில் நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் ஜெர்சி கலப்பினப் பசுவை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டால் அப்படி என்ன தப்பு? உடம்பு சரியில்லை என்றால் மருந்து போடத்தானே வேண்டும்?

போட வேண்டிய நேரத்தில் போட்டே ஆக வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் நடப்பது என்ன? தீனி எடுக்கவில்லை என்றாலும் ஒரு ஊசி, பால் குறைந்தாலும் ஒரு ஊசி, என்ன நோய் என்றே பார்க்காமல் பைக்கில் வந்தவர் போட்டுவிட்டுப் போகிறார், மறுநாள் மாடு கொஞ்சம் தேறியதும் மிச்ச ஊசியை நாமே வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். அரைகுறையாகப் போட்ட மருந்தில் இளைத்த கிருமி சாகும், தாக்குப்பிடிக்கிற கிருமி மிஞ்சிப் பெருகும். அடுத்த தடவை அதே ஊசி கேட்காது, அதைவிட விலை கூடிய ஊசிக்குப் போக வேண்டிவரும்.

இது மாட்டோடு முடிகிற விஷயமும் இல்லை. கிருமியால் மடி வீங்கிப் பால் கெடும் மடிநோய்க்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் மனிதர்களுக்கு டைஃபாய்டுக்குப் போடும் அதே மருந்துதான். மாட்டுக்கென்றே விற்கும் என்ரோஃப்ளாக்சசின் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது, அது உங்கள் வீட்டு மருந்துச் சீட்டிலும் வரும் பெயர். வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகப் போட வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2019-இல் தடை போட்டது சும்மா இல்லை.

எந்த நோய்க்குத்தான் இவ்வளவு ஊசி போகிறது?

கறவை மாட்டைப் பொறுத்தவரை முதல் இடம் மடிநோய்க்கு. அதனால்தான் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் மடியைப் பற்றியே பேசியிருக்கிறேன். மடிநோயைக் குறைத்தால் ஊசிச் செலவில் பெரும்பகுதி தானாகக் குறையும்.

தேவையே இல்லாமல் போகும் ஊசிகள் தனிக்கதை. வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. கன்று போட்ட மறுநாள் மாடு எழாமல் கழுத்தை ஒரு பக்கம் மடித்துப் படுத்துக் கிடந்தால் அது பெரும்பாலும் பால் காய்ச்சல், பெயரில் காய்ச்சல் இருந்தாலும் காய்ச்சல் இல்லை, காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது என்று அர்த்தம், டாக்டர் கால்சியத்தை நரம்பில் ஏற்றினால் பல மாடுகள் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நிற்கும். கஞ்சி குடித்து வயிறு கெட்ட மாட்டுக்கும் முதல் மருந்து ஆன்டிபயாடிக் இல்லை.

சரி, மடிநோய் வராமல் இருக்க என்ன செய்வது?

தரையைக் காய வைக்க வேண்டும். மூலிகை, ஊசி எல்லாம் அதற்கு அப்புறம்.

காம்பின் நுனியில் ஒரு துளை இருக்கிறது, மற்ற நேரத்தில் இறுக மூடியிருக்கும், கறந்து முடித்ததும் அரை மணி நேரம் போலத் திறந்தே இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் மாடு சாணியும் மூத்திரமும் கலந்த ஈரத்தில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். அதனால் கறந்த கையோடு பசும்புல்லோ வைக்கோலோ முன்னால் போட்டு மாட்டை நிற்க வையுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது. பல வீடுகளில் இதற்கு நேர்மாறாகத் தீனியைக் காட்டிக் கறக்கிறார்கள், கறந்து முடிப்பதற்குள் தீனி தீர்ந்துவிடும், மாடு உடனே படுத்துவிடும்.

அடுத்தது கழுவுவது. மடி முழுக்கத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு ஈரத்தோடு கறக்க உட்கார்ந்தால், மடி மேலிருந்த அழுக்குத் தண்ணீர் அத்தனையும் வழிந்து காம்பு நுனியில் வந்து சொட்டும், அங்கிருந்து கைக்கும் பாலுக்கும் போகும். காம்பை மட்டும் கழுவுங்கள், உலர்ந்த துணியால் துடையுங்கள், ஒரு மாட்டுக்கு ஒரு துணி. நான்கு மாட்டுக்கும் ஒரே துணி என்றால் துடைக்காமல் இருப்பதே மேல்.

கறக்கிற கை முக்கியம். கட்டைவிரலை மடக்கி அதன் கணுவால் காம்பை நசுக்கிக் கறக்கிற பழக்கம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதில் காம்பின் உள்தோல் புண்ணாகும், புண்ணில் கிருமி குடியேறும். ஐந்து விரலாலும் உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்து அழுத்தும் முழுக்கை முறைதான் சரி. பாலையே தொட்டுக் காம்பில் தடவிக் கறப்பதை விட்டுவிடுங்கள். நகத்தை வெட்டுங்கள். கறவைக்காரர் ஒருவர் பத்து வீட்டில் கறக்கிறார் என்றால் பத்து வீட்டு மடிக்கிருமியும் அவர் கையில் பயணம் செய்யும், கூச்சப்படாமல் சோப்பை நீட்டுங்கள். ஏற்கெனவே மடிநோய் வந்த மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும், நல்ல மாட்டையும் தலைஈத்துக் கிடாரியையும் முதலில்.

கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி எடுப்பது நல்ல பழக்கம். காம்பு முக்குவதற்கென்றே தயாரித்த கரைசல் கடையில் கிடைக்கிறது, பாட்டிலில் போட்டிருக்கிறபடி செய்தால் போதும்.

தரைக்கு வருவோம். பின்பக்கம் சாய்வும் மூத்திர வாய்க்காலும் இருக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் ரப்பர் மேட் போட்டவர்கள் அது போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், மேட்டைத் தூக்கிப் பாருங்கள், அடியில் ஊறிக்கிடக்கும் சாணிதான் மடிநோயின் வீடு. தினமும் தூக்கி அலச முடியாது என்றால் மேட்டே வேண்டாம். மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில், சாணி அள்ளிய இடத்தில் சுண்ணாம்புத் தூளைத் தூவி, காய்ந்த தென்னைநார்க் கழிவைப் பரப்பலாம். முடிந்தால் பகலில் நாலு மணி நேரமாவது மாட்டை வெயில்பட்ட காய்ந்த மண்ணில் அவிழ்த்து விடுங்கள். முகத்தைச் சுவருக்குக் கட்டி இருபத்துநாலு மணி நேரமும் ஒரே முளையில் நிற்கிற மாட்டுக்கு எந்த வைத்தியமும் பாதிதான் கேட்கும்.

கறவை இயந்திரம் வைத்தால் மடிநோய் குறையுமா, கூடுமா?

வைத்திருப்பவரைப் பொறுத்தது. பாலை உறிஞ்சும் வெற்றிடம் அளவோடு இருந்து, பால் நின்றதும் உடனே கழற்றி, காம்பில் மாட்டும் கப்புக்குள் இருக்கும் ரப்பர் லைனரைச் சுமார் 2,500 கறவைக்கு ஒருமுறை மாற்றினால் கையைவிடச் சுத்தம். வெடித்துப் போன லைனரோடு பால் வராத காம்பை உறிஞ்ச விட்டால் கட்டைவிரல் கறவையே பரவாயில்லை என்றாகிவிடும்.

மடி வீங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. வெளியே தெரிகிற மடிநோயைவிட, மடியில் வீக்கமில்லாமல் பாலும் பார்க்க நன்றாகவே இருந்து உள்ளுக்குள் ஓடும் மறைமுக மடிநோய்தான் அதிகம். பால் சத்தமில்லாமல் குறையும், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள மற்றச் சத்து) இறங்கும், சொசைட்டியில் டெஸ்டர் மேல் சந்தேகம் வரும்.

தினமும் செய்யக்கூடியது: ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சை ஒரு கறுப்புத் துணி கட்டிய டம்ளரில் பீச்சிப் பாருங்கள். திரி திரியாக நின்றால், நீர்த்து வந்தால், அந்தக் காம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாலைத் தரையில் பீச்சிவிடக் கூடாது, மாடு படுக்கும் இடத்திலேயே கிருமியை விதைத்ததாகிவிடும்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை: துணி துவைக்கும் பவுடர் 15 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வையுங்கள். நான்கு சின்னக் கிண்ணத்தில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே கொஞ்சம் பிடித்து, அதே அளவு சோப்புத் தண்ணீரைச் சேர்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். பால் நீராகவே ஓடினால் நல்லது. கொழகொழவென்று திரண்டு கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு சுழன்றால் அந்தக் காம்பில் சீழணுக்கள் பெருகியிருக்கின்றன. டாக்டர்கள் மடிநோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் சி.எம்.டி. (கலிஃபோர்னியா மடிநோய்) சோதனையின் ஏழை வீட்டு வடிவம் இது. கன்று போட்ட முதல் சில நாளும், கறவை வற்றும் சமயமும் நல்ல பாலும் கொஞ்சம் திரளும், அப்போது இதை நம்ப வேண்டாம்.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

ஆரம்பத்திலேயே பிடித்தால் செய்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மரபுசார் மூலிகை மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, ஊர் வைத்தியத்தை எடுத்து, அளவு வகுத்து, பயிற்சி கொடுத்துப் பரப்பிய முறை இது. பிற்பாடு குஜராத் ஆனந்தில் இருக்கும் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே இதை எடுத்துக்கொண்டு பல மாநிலங்களில் பால் கூட்டுறவுகள் வழியாகக் கொண்டு போகிறது. வாட்ஸ்அப் வைத்தியம் என்று ஒதுக்கவும் வேண்டாம், சர்வரோக நிவாரணி என்று நம்பவும் வேண்டாம்.

அளவு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழை மடலின் இரு பக்க முள்ளைச் சீவிவிட்டுத் தோலோடு துண்டு போட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து மிக்ஸியில் அரையுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு வரும், வரவில்லை என்றால் சுண்ணாம்பு பழசு அல்லது மஞ்சள்தூளில் கலப்படம். இது ஒரு நாளைக்கான அளவு, மறுநாளுக்குப் புதிதாக அரைக்க வேண்டும்.

போடும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதலில் அந்தக் காம்பிலிருக்கும் பாலை முழுக்கப் பீச்சி வெளியேற்ற வேண்டும், கெட்ட பால் உள்ளே தங்கியிருக்க மேலே என்ன பூசினாலும் வீண். அப்புறம் மடியைக் கழுவித் துடைத்து, அரைத்ததில் ஒரு கைப்பிடி எடுத்து 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் தடவ வேண்டும், நோய் வந்த காம்பில் மட்டும் இல்லை. மறுபடி ஒரு மணி நேரத்தில் அதே வேலை: கழுவு, பீச்சு, தடவு. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து முறை, ஐந்து நாள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தின்னக் கொடுக்க வேண்டும். பாலில் ரத்தம் கலந்து வந்தால் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்துக் காலையும் மாலையும் உள்ளுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பத்து முறை என்பதைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று பூசிவிட்டு "மூலிகை கேட்கவில்லை" என்றால் அது மூலிகையின் குற்றமா? வீட்டில் ஆள் இல்லை, எல்லோரும் வேலைக்குப் போகிறோம் என்றால் இந்த முறை உங்களுக்குச் சரிவராது, அதை ஒப்புக்கொண்டு முதல் நாளே டாக்டரைக் கூப்பிடுவதுதான் மாட்டுக்கு நல்லது.

காம்பு அடைப்புக்கு வேப்பிலை ஈர்க்கில் மஞ்சளும் வெண்ணெயும் தடவிச் சொருகும் முறை ஒன்றும் சொல்லப்படுகிறது. காம்புத் துளைக்குள் வீட்டில் எதையும் நுழைப்பது எனக்கு ஒப்பாது, அதைத் தெரிந்தவர் கையில் விட்டுவிடுங்கள். ஊக்கு, சைக்கிள் கம்பி எல்லாம் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

எத்தனை நாள் மூலிகையில் பார்க்கலாம்? எப்போது டாக்டர்?

மடி கொஞ்சம் கட்டி, பாலில் திரி, ஆனால் மாடு நன்றாகத் தின்கிறது, அசை போடுகிறது, காய்ச்சல் இல்லை என்றால் மூலிகையைத் தொடங்கலாம். இரண்டு நாளில் வீக்கம் வடியத் தொடங்க வேண்டும், பால் நிறம் திரும்ப வேண்டும். இல்லையென்றால் காத்திருக்காதீர்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டர்: உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, தீனியை முகர்ந்துகூடப் பார்க்காமல் இருப்பது, பால் மஞ்சள் நீராக வருவது, மடி நீலம் பாய்ந்து தொட்டால் சில்லென்று இருப்பது. கடைசியாகச் சொன்னதில் மடியின் தசையே செத்துக்கொண்டிருக்கிறது, மணிக்கணக்கில் மாடு போய்விடும். அங்கே கற்றாழையோடு உட்கார்ந்திருப்பது கொடுமை.

ஊசி என்று முடிவானால் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் போடுங்கள். முடிந்தால் முதல் ஊசிக்கு முன்னால் சுத்தமான சின்ன பாட்டிலில் அந்தக் காம்புப் பாலைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரியும். ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் மடித் தசைக்குள் பதுங்கிக்கொள்பவை, அவற்றுக்கு ஊசியும் பல நேரம் தோற்கும். ஒரே காம்பில் திரும்பத் திரும்ப வருகிற மாட்டுக்கு மேலும் மேலும் ஊசி போடுவதைவிட அந்தக் காம்பை வற்றவிடுவதுதான் டாக்டர்கள் பலர் சொல்லும் யோசனை.

தீவனத்துக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்?

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் எந்தக் கால்நடை மருந்தகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வயிறு உப்பி, கண் குழிவிழுந்து, தள்ளாடி நிற்கிற மாடுகள் வந்திருக்கும். பாசத்தில் ஆளாளுக்கு ஊட்டிய பொங்கல் அது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாதத்தைக் கொண்டு வந்து தொட்டியில் கொட்டினாலும் இதே கதைதான். வெந்த அரிசி வயிற்றில் மளமளவென்று புளித்து அமிலமாகும், நார்ச்சத்தைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் சாகும், அமிலம் ரத்தத்தில் ஏறும். அளவு அதிகமானால் உயிருக்கே ஆபத்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வருஷத்துக்கு ஒருநாள் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. தினமும் கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் சாதம், பால் கூடட்டும் என்று மேலும் ரெண்டு கிலோ அடர்தீவனம் (தானியம், தவிடு, புண்ணாக்குக் கலவை) என்று போகும் வீட்டில் இதே அமிலம் மெதுவாக வேலை செய்யும். சாணி இளகும், குளம்பு நோகும், எதிர்ப்பு சக்தி இறங்கும், அப்புறம் மடிநோய், கர்ப்பப்பைப் புண் என்று வரிசையாக வரும். ஊசி போடுகிறவர் மடியைத்தான் பார்ப்பார், கழுநீர்த் தொட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு சின்னச் சோதனை. மாடு படுத்து அசை போடும்போது உட்கார்ந்து எண்ணுங்கள். தொண்டையில் கவளம் ஏறுவது தெரியும், அங்கிருந்து விழுங்குகிற வரை எத்தனை மெல்லு? ஐம்பதுக்கு மேல் இருந்தால் நார்ச்சத்து போதும். முப்பது நாற்பதிலேயே விழுங்கிவிட்டால் வைக்கோல், தட்டை குறைவு, மாவுத் தீனி அதிகம்.

பொதுக் கணக்கு இது: பசுந்தீவனம் 25 கிலோ, உலர்தீவனம் 5 கிலோ, உடம்பைப் பராமரிக்க அடர்தீவனம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. தாது உப்புக் கலவை தினம் 50 கிராம். அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள். கோ-4, கோ-5 புல் மட்டும் போட்டால் வயிறு நிறையும், புரதம் நிறையாது. வேலிமசால், அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை இலைகளைக் கலந்து போடுங்கள், வேலியோரத்தில் நாலு மரம் இருந்தால் புண்ணாக்குச் செலவு இறங்கும். பூசணம் பிடித்த வைக்கோலும், கறுத்துப்போன கடலைப் புண்ணாக்கும் விலை மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள், அதிலிருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு ஈரலைக் கெடுத்துப் பாலிலும் இறங்கும்.

தண்ணீரை மறந்துவிடுகிறோம். கறவை மாடு வெயில் காலத்தில் 80 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். இரண்டு வேளை காட்டுவது போதாது, எப்போதும் வாயெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கோமாரிக்கும் அம்மைக்கும் என்ன செய்வது?

தடுப்பூசி. இயற்கை முறை என்று சொல்லிக்கொண்டு தடுப்பூசியை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தடுப்பூசி ஆன்டிபயாடிக் இல்லை, ஆன்டிபயாடிக் தேவைப்படாமல் காப்பதே அதுதான். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே இலவசமாகப் போடுகிறது, 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்க்கான புருசெல்லா ஊசியும் சேர்த்தி. போட்ட அன்று ஒரு லிட்டர் பால் குறையும் என்பதற்காக மாட்டை ஒளித்து வைக்கிறவர்களும் ஊரில் உண்டு.

கோமாரி வந்துவிட்டால், வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு தலா 10 கிராமை ஊறவைத்து, மஞ்சள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராமோடு அரைத்து, ஒரு தேங்காயைத் துருவிப் போட்டுப் பிசைந்து, நாக்கிலும் அண்ணத்திலும் தடவி ஊட்டலாம். மாடு தீனி தின்னத் தொடங்கும், அதுவே பாதி வைத்தியம். கால்புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் 20 கிராம் அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சி ஆற வைத்து, புண்ணைக் கழுவிவிட்டுப் பூச வேண்டும். புண்ணில் சீழ் பிடித்து மாடு காய்ச்சலில் விழுந்தால் அங்கே டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதலாம், அது நியாயமான ஊசி.

தோல் கழலை, ஊரில் அம்மை என்கிறோமே, அதுவும் வைரஸ்தான். ஈ, கொசு பரப்பும். நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டி, சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுங்கள்.

உண்ணிக்கு மருந்தடிக்காமல் முடியுமா?

கொட்டகைச் சுவரின் விரிசலை அடைத்து, நாலு நாட்டுக்கோழியை மேயவிட்டாலே ஓரளவு குறையும், மாட்டின் காலடியில் நின்று அது பொறுக்குவதைப் பார்த்தால் தெரியும். மூலிகைக்கு: பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பங்கொட்டை ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் 20 கிராம், உண்ணிச்செடி இலையும் துளசியும் ஒவ்வொரு கைப்பிடி. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வாரம் ஒருமுறை மாட்டின் மேலும் சுவர் இடுக்கிலும் தெளியுங்கள். கலப்பின மாட்டுக்கு உண்ணியால் தைலேரியா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் வந்தால் வெளிறிப்போய்க் காய்ச்சலில் கிடக்கும், அதற்கு ரத்தப் பரிசோதனை செய்து உரிய மருந்து போட வேண்டும், காய்ச்சல் ஊசி எத்தனை போட்டாலும் இறங்காது.

கன்று போட்டு நஞ்சுக்கொடி விழவில்லை. கைவிட்டு எடுக்கலாமா?

கூடாது. உள்ளே கிழிந்து புண்ணாகி, அதற்கு ஆன்டிபயாடிக், அப்புறம் சினை நிற்காமல் மறுபடி மருந்து என்று நீண்டுகொண்டே போகும். கன்று போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு முள்ளங்கி தின்னக் கொடுக்கலாம். எட்டு மணி நேரமாகியும் விழவில்லை என்றால் ஒன்றரை கிலோ வெண்டைக்காயை வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுப்பது புண்ணியமூர்த்தி வகுத்த முறை. காய்ச்சல் வந்தாலோ நாற்றமடித்தாலோ டாக்டர். சினைக்காலக் கடைசி இரண்டு மாதம் தாது உப்பு தவறாமல் போன மாட்டில் இந்தத் தொல்லை குறைவு.

கன்றுக் கழிச்சலுக்கு?

பிறந்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். நஞ்சுக்கொடி விழுந்தால்தான் சீம்பால் என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது, தப்பு. கன்றுக்குத் தாயின் வயிற்றில் எதிர்ப்பு சக்தி இறங்குவதில்லை, சீம்பால் வழியாகத்தான் இறங்கும், நேரமாக ஆகக் கன்றின் குடல் அதை உறிஞ்சும் திறன் குறைந்துகொண்டே போகும். தொப்புளில் டிஞ்சர் அயோடின் வையுங்கள். கழிச்சல் வந்தால் முதலில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், கன்று சாவது பெரும்பாலும் நீர் வற்றித்தான்.

நாட்டு மாடு வைத்தால் ஊசியே தேவைப்படாது என்கிறார்களே?

காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர் எல்லாம் வெயிலையும் உண்ணியையும் தாங்கும், மடிநோயும் குறைவு. ஆனால் அவை உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனங்கள், காங்கேயம் இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். சொசைட்டி விலைக்கு ஊற்றி லோன் கட்ட வேண்டியவரிடம் போய் நாட்டு மாட்டுக்கு மாறு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருபது லிட்டர் மாட்டின் மேல் ஆசைப்படாமல், எட்டிலிருந்து பன்னிரண்டு லிட்டர் கறக்கும், காம்பு நேராக இறங்கிய, மடி முட்டிக்கு மேலேயே நிற்கும் கலப்பினம் போதும். மடி தரையைத் தொட்டுத் தொங்கும் மாடு எத்தனை லிட்டர் கறந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்த கன்றுக்கு முன் கறவையை நிறுத்தி வற்றவிடும்போது நாலு காம்பிலும் ஆன்டிபயாடிக் டியூப் ஏற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

எல்லா மாட்டுக்கும் அவசியமில்லை. அந்த ஈத்தில் மடிநோய் வராமல், கடைசிச் சோதனையிலும் நாலு காம்பும் சுத்தமாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆன்டிபயாடிக் டியூப்பைத் தவிர்க்கலாம். நெதர்லாந்தில் எல்லா மாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மருத்துவர், போன மருந்துக்குக் கணக்கு என்று கட்டாயமாக்கி, 2009-இல் இருந்த அளவில் பாதிக்கும் கீழே ஆன்டிபயாடிக் விற்பனையைக் கொண்டு வந்த நாடு அது. 2022 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நோய் வராத மாட்டுக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் போடுவதற்குத் தடை. நெதர்லாந்திலிருந்து கால்நடை மருத்துவர்கள் இங்கே வந்து நம் கற்றாழை வைத்தியத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது உபரிச் செய்தி.

நோய் இருந்த மாட்டுக்கு டியூப் வேண்டும். எந்த மாடானாலும் கன்று போடுவதற்கு 60 நாள் முன்பு அடர்தீவனத்தைக் குறைத்து வற்றவிடுங்கள், கடைசி வாரம் வரை கறப்பது அடுத்த ஈத்தைக் கெடுக்கும்.

ஊசி போட்ட மாட்டின் பாலை எப்போதிலிருந்து ஊற்றலாம்?

மருந்து அட்டையில் பாலுக்கு எத்தனை நாள் விலக்கு என்று போட்டிருக்கும், கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும். காய்ச்சினால் போய்விடும் என்பது தவறு, பெரும்பாலான மருந்து கொதிக்கிற பாலிலும் நிற்கும். இந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது, உறைமோரிலுள்ள நல்ல கிருமியை மருந்து கொன்றுவிடுகிறது. ஒரு மாட்டின் பால் கலந்தால் கேன் முழுக்கக் கெடும். ஒரு காம்பில்தானே டியூப் என்று மற்ற மூன்றை ஊற்றவும் கூடாது, மருந்து ரத்தத்தில் கலந்து எல்லாக் காம்புக்கும் வரும். கன்றுக்குக் கொடுத்து ஒழிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம், அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும்.

எங்கள் ஊரில் டாக்டர் வரவே சாயங்காலம் ஆகும். அதுவரை?

1962 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்தால் கால்நடை நடமாடும் வண்டி வரும். காத்திருக்கும் நேரத்தில் தெர்மாமீட்டரை ஆசனவாயில் ஒரு நிமிஷம் வைத்துக் காய்ச்சலைக் குறித்துக்கொள்ளுங்கள், கறவை மாட்டுக்கு 101.5 டிகிரியை ஒட்டி இருந்தால் இயல்பு. மடிநோயாக இருந்தால் அந்தக் காம்பை மணிக்கு ஒருமுறை காலி செய்துகொண்டே இருங்கள். கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும்: எந்தத் தேதியில் எந்த மாட்டுக்கு எந்தக் காம்பில் நோய், என்ன மருந்து, எத்தனை நாள், எப்போதிலிருந்து பால் ஊற்றினோம். காலி மருந்துப் பாட்டிலைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், போன தடவை என்ன ஊசி என்று டாக்டர் கேட்டால் "சிவப்பு மூடி போட்ட பாட்டில் சார்" என்று சொல்ல வேண்டியிருக்காது.